திரைமுன் வேலை: எந்த இடத்தில் வலி, எத்தனை மணிக்கு வலி, எதைச் சரிசெய்வது

ஆடிட்டர் அலுவலகம், டி.டி.பி. கடை, இ-சேவை மையம், வீட்டிலிருந்தே வேலை என்று இடம் மாறினாலும், கணினி முன் உட்காருகிறவர்களுக்கு வரும் தொல்லைகள் மாறுவதில்லை. கண், தலை, கழுத்து, கை, இடுப்பு, இவற்றோடு மின்சாரம். கீழே ஒவ்வொரு தொல்லைக்கும் செலவில்லாத காரணத்தை முதலிலும் செலவு வைக்கும் காரணத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறோம். அந்த வரிசையிலேயே பாருங்கள். புது நாற்காலி வாங்கிய பிறகும் வலி போகவில்லை என்றால், பெரும்பாலும் கோளாறு மேசையில்தான் இருந்திருக்கும்.

வேண்டிய கருவிகள்: இன்ச் டேப், உள்ளங்கை அளவு முகம் பார்க்கும் கண்ணாடி, ஒரு டிஷ்யூ தாள், பிரிக்காத ஏ4 காகிதக் கட்டு மூன்று. 500 தாள் கொண்ட ஒரு கட்டு ஏறக்குறைய 5 செ.மீ. தடிமன் இருக்கும். திரையை உயர்த்தவும் காலுக்கு அண்டை கொடுக்கவும் இதைவிட வசதியான பொருள் அலுவலகத்தில் கிடைக்காது.

எதையும் மாற்றுவதற்கு முன் மூன்று நாள் குறித்துவையுங்கள்: வலி எத்தனை மணிக்குத் தொடங்குகிறது, என்ன வேலையின்போது, விடுமுறை நாளில் வருகிறதா. வலிக்கும் இடத்தை எல்லோரும் தொட்டுக் காட்டிவிடுவார்கள். எத்தனை மணிக்கு என்று கேட்டால் யோசிப்பார்கள். பாதிக் காரணம் அந்த மணியில் இருக்கிறது. ஜிஎஸ்டி கணக்கு போடுகிறவருக்கு, தாக்கல் கெடு நெருங்கும் 10, 11 தேதிகளிலும் 18 முதல் 20 வரையிலும் மட்டும் தோள் வலித்தால், அது நோய் அல்ல, அந்த நாட்களின் வேலைமுறை. ஞாயிற்றுக்கிழமையும் அதே அளவு வலித்தால், மேசையை நோண்டிக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதை மூன்று நாள் விட்டுப் பாருங்கள். நான்கை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமலே போகும்.

## கண் எரிகிறது, மணல் விழுந்ததுபோல் உறுத்துகிறது

வேலை தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள்ளேயே வந்தால்: காற்று. வழக்கமாக உட்காரும் நிலையில் டிஷ்யூ தாளைக் கிழித்து ஒரு கீற்றாகக் கண்ணுக்கு நேரே பிடியுங்கள். அது படபடத்தால் மின்விசிறியோ ஏ.சி.யோ நேராகக் கண்ணில் அடிக்கிறது. ஏ.சி.யின் மடலை மேல்நோக்கித் திருப்புங்கள். டேபிள் ஃபேனை முதுகுப் பக்கம் மாற்றுங்கள். தலைக்கு நேர் மேலே சீலிங் ஃபேன் இருந்தால் நாற்காலியை இரண்டடி நகர்த்தினாலே வித்தியாசம் தெரியும்.

மதியத்துக்குமேல் வந்தால்: இமைக்காமை. சாதாரணமாக நிமிடத்துக்கு 15 முதல் 20 முறை இமைக்கிற கண், திரையை உற்றுப் பார்க்கும்போது பாதிக்கும் கீழே இறங்கிவிடும். இமைப்பதும் முழுதாக மூடாமல் அரைகுறையாகவே நடக்கும். பக்கத்தில் உள்ளவரை உங்களுக்குத் தெரியாமல் ஒரு நிமிடம் எண்ணச் சொல்லுங்கள்; நீங்களே எண்ணினால் கணக்கு தப்பும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பால், 20 விநாடி பாருங்கள். அதன் முடிவில் மேலிமை கீழிமையைத் தொடும்படி மெதுவாகப் பத்து முறை மூடித் திறங்கள்.

அப்போதும் எரிந்தால்: திரை உயரம். திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்கு மேலே இருந்தால் கண்ணை அகலத் திறந்தே பார்க்க வேண்டியிருக்கும். ஈரம் சீக்கிரம் உலரும். மேல்விளிம்பு கண்மட்டத்திலோ சற்றுக் கீழேயோ இருக்கட்டும்.

எரிகிறது என்று அடிக்கடி குழாய்த் தண்ணீரை வாரி அடிப்பது வேண்டாம். அந்த நேரத்துக்குக் குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் கண்ணின் மேல் உள்ள எண்ணெய்ப் படலமும் சேர்ந்து கழுவப்பட்டுவிடும். வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியை மூடிய இமைமேல் ஐந்து முதல் பத்து நிமிடம் வைப்பது உண்மையிலேயே உதவும். சளிக்காகச் செட்டிரிசின் போன்ற மாத்திரை எடுக்கும் நாட்களில் கண் கூடுதலாக உலரும். அது நின்றதும் சரியாகிவிடும்.

இதற்குப் பிறகுதான் சொட்டு மருந்து. மருந்துக்கடையில் பொதுவாக ‘கண் சொட்டு’ என்று கேட்காதீர்கள். செயற்கைக் கண்ணீர் என்று சொல்லிக் கேளுங்கள். நாளுக்கு நான்கு முறைக்குமேல் போட வேண்டியிருந்தால் மருந்து கெடாமல் காக்கும் இரசாயனம் (பிரிசர்வேட்டிவ்) சேர்க்காத வகையாக இருக்க வேண்டும். சிவப்பை உடனே போக்கும் சொட்டு மருந்து நிறுத்தியதும் முன்பைவிடச் சிவக்கவைக்கும். ஸ்டீராய்டு கலந்தது கண்ணின் அழுத்தத்தை ஏற்றிப் பார்வையையே கெடுக்கக்கூடும். மருத்துவர் எழுதித் தராமல் அதைத் தொடவே கூடாது.

திரையின் நீல ஒளியை வடிகட்டும் நீலஒளிக் கண்ணாடி வாங்கலாமா என்று கேட்பவர்கள் மிக அதிகம். கண் களைப்புக்காக என்றால் வேண்டாம். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2023-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு 17 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து, சாதாரணக் கண்ணாடியைவிட அது கண் களைப்பைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றே சொன்னது. அந்தப் பணத்தில் நல்ல கீபோர்டு வாங்கலாம்.

மருத்துவரிடம் எப்போது: இவ்வளவும் செய்து இரண்டு வாரத்தில் குறையவில்லை என்றால். ஒரு கண் மட்டும் சிவந்து வலித்தாலோ, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் கூசினாலோ, சீழ் வந்தாலோ அன்றைக்கே போங்கள். விளக்கைச் சுற்றி வானவில் வளையம், கடுமையான கண்வலி, வாந்தி மூன்றும் சேர்ந்து வந்தால் இரவானாலும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

## எழுத்து மங்குகிறது, இரட்டையாகத் தெரிகிறது

முதலில் எழுத்தின் அளவு. தமிழில் வேலை செய்கிறவர்களுக்கு இது தனித் தொல்லை. ஆங்கிலத்துக்குப் போதுமான அளவில் தமிழை வைத்தால் புள்ளி மறையும், ‘ர’வும் துணைக்காலும் ஒன்றுபோலத் தெரியும், ‘ண’வின் சுழி ‘ன’வாகச் சுருங்கும். மெய்ப்புப் பார்க்கிறவர் ஒவ்வொரு புள்ளிக்கும் மூக்கைத் திரையருகே கொண்டுபோவார். கண்வலியும் கழுத்துவலியும் அந்த ஓர் அசைவில் சேர்ந்து வரும்.

சோதனை: நீங்கள் உட்காரும் தூரத்தை அளந்து, அதைப்போல் மூன்று மடங்கு தூரத்தில் நின்று திரையைப் படியுங்கள். 60 செ.மீ.யில் உட்காருகிறவர் 180 செ.மீ.யில் நிற்க வேண்டும். அங்கிருந்து ‘கண்’ணும் ‘கன்’னும் வேறாகத் தெரிந்தால் அளவு போதும். தெரியாவிட்டால் கண்ட்ரோல் விசையோடு கூட்டல் குறியை அழுத்திப் பெரிதாக்குங்கள், அல்லது விண்டோஸின் டிஸ்ப்ளே அமைப்பில் ஸ்கேலை 125 அல்லது 150 விழுக்காடாக வையுங்கள். எழுத்தைப் பெரிதாக்க வேண்டும் என்று ரெசல்யூஷனைக் குறைத்துவிடாதீர்கள். 1920×1080 திரையை 1366×768-இல் ஓட்டினால் எழுத்தின் ஓரம் கசங்கி இன்னும் மங்கும்.

- வேலை முடித்து வெளியே வந்ததும் தூரம் மங்கி, சில நிமிடத்தில் தெளிகிறது: கண் கிட்டத்தில் உள்ளதைப் பார்க்கும் நிலையிலேயே இறுகியிருக்கிறது. மேலே சொன்ன 20 விநாடி ஓய்வு போதும்.
- நாற்பதைத் தாண்டியவர், திரையைப் பார்க்க முகவாயைத் தூக்குகிறார்: இருகுவியக் (பைஃபோகல்) கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியாகப் பார்க்கிறார் என்று பொருள். திரையை 5 செ.மீ. இறக்கி, மேற்புறம் பின்னால் சாயும்படி வையுங்கள். போதவில்லையென்றால் திரை தூரத்துக்கென்றே தனிக் கண்ணாடி தேவை. படிக்கும் கண்ணாடி 35–40 செ.மீ. தூரத்துக்குப் போடப்படுவது, திரையோ 60–65 செ.மீ.யில் இருக்கிறது. கண்ணிலிருந்து திரைவரை டேப்பால் அளந்து, அந்த எண்ணை எழுதி எடுத்துப்போய்க் கண் பரிசோதகரிடம் கொடுங்கள். சும்மா ‘கம்ப்யூட்டர் கண்ணாடி’ என்று கேட்டால் நீலஒளிக் கண்ணாடியைக் கையில் கொடுத்துவிடுவார்கள்.
- மங்கல் சில நாள் கூடுகிறது, சில நாள் குறைகிறது: சர்க்கரையைப் பரிசோதியுங்கள். சர்க்கரை ஏறி இறங்கும்போது பார்வையின் பவரும் மாறும். அது கட்டுக்கு வருவதற்குள் போட்ட கண்ணாடி பிறகு பொருந்தாது.
- ஒரு கண்ணை மூடினால் இரட்டை போய்விடுகிறது: கண் தசை அல்லது நரம்புக் கோளாறாக இருக்கலாம். திடீரென்று வந்திருந்தால் காத்திருக்கக் கூடாது.

## தலைவலி

குறிப்பிட்ட மணியில் மட்டும் வந்தால்: வெயில். திரையை அணைத்துவிட்டு, உட்கார்ந்தபடி அந்தக் கறுப்புப் பரப்பைப் பாருங்கள். சன்னலோ டியூப் லைட்டோ உங்கள் வெள்ளைச் சட்டையோ தெரியும். எங்கிருந்து வருகிறது என்று புரியவில்லையென்றால் முகக்கண்ணாடியைத் திரையோடு ஒட்டிப் பிடியுங்கள். அதில் தெரிகிற விளக்குதான் குற்றவாளி. சன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னாலோ திரைக்குப் பின்னாலோ இருக்கக் கூடாது, பக்கவாட்டில் இருக்க வேண்டும். மேசையைத் திருப்ப இடமில்லையென்றால் திரைச்சீலை போடுங்கள். காலையில் கிழக்குச் சன்னலுக்கும் மாலையில் மேற்குச் சன்னலுக்கும்.

நாள் முழுக்க இருந்தால்: பிரகாசம். வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திரையில் திறந்து, பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். திரை விளக்குபோல் ஒளிர்ந்தால் குறைக்க வேண்டும். தாளைவிடச் சாம்பலாகத் தெரிந்தால் கூட்ட வேண்டும். இரவு எல்லா விளக்கையும் அணைத்துவிட்டுத் திரை வெளிச்சத்தில் மட்டும் வேலை செய்வது இந்தத் தலைவலிக்கு நேர்வழி.

பிரகாசத்தைக் குறைத்தால்தான் தலைவலி வருகிறது என்று சிலர் சொல்வார்கள், அதை நம்புங்கள். சில திரைகள் பின்விளக்கை வேகமாக அணைத்து அணைத்துப் போட்டுத்தான் மங்கலைக் காட்டுகின்றன. கைப்பேசி கேமராவில் திரையைப் பாருங்கள். பிரகாசத்தைக் குறைக்கக் குறைக்கக் கறுப்புப் பட்டைகள் ஓடினால் அந்த வகைதான். அதன் பிரகாசத்தைக் கூட்டி வைத்து, அறை வெளிச்சத்தை அதற்கு ஈடாக ஏற்றுங்கள்.

உடனே மருத்துவமனை: இதுவரை வராத அளவில் திடீரென்று வெடிப்பதுபோன்ற தலைவலி, கூடவே பேச்சுக் குழறல், ஒருபக்கப் பலவீனம், பார்வை மறைதல்.

## கழுத்து, தோள் வலி

இரண்டு தோளும் வலித்தால் மேசை உயரம். கடையில் கிடைக்கும் மேசைகள் பெரும்பாலும் 75 செ.மீ. உயரம். ஐந்தடி ஓர் அங்குலம் உள்ள ஒருவர் பாதம் தரையில் படும்படி உட்கார்ந்தால் அவர் முழங்கை 62 முதல் 65 செ.மீ. உயரத்தில்தான் இருக்கும். மீதிப் பத்து செ.மீ.க்கு அவர் எட்டு மணி நேரமும் தோளைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். அது அவருக்கே தெரியாது. கையைத் தொங்கவிட்டு, முழங்கையை மடக்கி, தரையிலிருந்து முழங்கைவரை அளங்கள். கீபோர்டு அந்த உயரத்தில் இருக்க வேண்டும்.

மேசையை அறுக்க முடியாது, நாற்காலியை உயர்த்துங்கள். பிளாஸ்டிக் நாற்காலி என்றால் அமுங்காத மெத்தை ஒன்று போடுங்கள். உயர்த்தியதும் கால் தொங்கும். அங்கேதான் ஏ4 கட்டு: தூக்கிய அளவுக்குப் பாதத்துக்கு அடியில் வையுங்கள். கால் அண்டை இல்லாமல் நாற்காலியை மட்டும் உயர்த்தினால் தோள்வலி போய்த் தொடைவலி வரும்.

வலது தோள் மட்டும் வலித்தால் மௌஸ். எண் பகுதியோடு கூடிய கீபோர்டு ஏறக்குறைய 45 செ.மீ. அகலம். அதற்கும் அப்பால் மௌஸ் இருந்தால் கை நாள் முழுக்க வெளிப்பக்கம் நீண்டிருக்கும். எண் பகுதியை அதிகம் பயன்படுத்தாதவர் அது இல்லாத சின்னக் கீபோர்டுக்கு மாறலாம். டேலி கணக்கு மென்பொருளில் நாள் முழுக்க எண் அடிக்கிறவருக்கு அது சரிவராது. அவர் மௌஸை இடக்கைக்கு மாற்றட்டும். முதல் வாரம் தடுமாறும், இரண்டாம் வாரம் பழகிவிடும்.

ஒரு பக்கக் கழுத்து வலித்தால் பார்த்து அடிக்கிற தாள் எங்கே கிடக்கிறது என்று பாருங்கள். வவுச்சர் கட்டு இடப்பக்கம் படுத்துக் கிடந்தால், ஒவ்வொரு வரிக்கும் தலை திரும்பிக் குனிந்து நிமிர்கிறது. கீபோர்டுக்கும் திரைக்கும் நடுவில் ஒரு பரீட்சை அட்டையைச் சாய்த்து நிறுத்தி, கிளிப்பில் தாளை மாட்டுங்கள். இவ்வளவு குறைந்த செலவில் கழுத்துக்கு இவ்வளவு நன்மை செய்வது வேறொன்றும் இல்லை. தொலைபேசியைத் தோளில் இடுக்கிப் பேசுகிறவர் ஹெட்செட் வாங்க வேண்டும். அதற்கு மாற்று வழி கிடையாது.

மடிக்கணினியில் மட்டும் வலித்தால்: அதன் அமைப்பே அப்படி. திரை கண்ணுக்குச் சரியாக இருந்தால் விசைகள் கைக்கு எட்டாது. நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்குமேல் என்றால் தனிக் கீபோர்டும் மௌஸும் செருகி, கணினியை மூன்று ஏ4 கட்டின்மேல் ஏற்றுங்கள். காற்றுத் துளை அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மருத்துவரிடம் எப்போது: வலி கழுத்திலிருந்து கைக்கு இறங்கினால். இரண்டு கையும் மரத்து, நடக்கும்போது கால் தடுமாறினால் நரம்பியல் மருத்துவரை உடனே பார்க்க வேண்டும். அந்த நிலையில் கழுத்தைச் சொடுக்கெடுக்க யாரையும் விடாதீர்கள்.

## கை மரத்துப்போகிறது, விரல் வலிக்கிறது

‘கை முழுக்க’ என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். எந்த விரல் என்று பிரித்துப் பார்த்தால்தான் வழி தெரியும்.

கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல். இரவில் தூக்கத்தைக் கெடுத்து, உதறினால் குறைகிறது. மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறது. முதலில் கீபோர்டின் பின்பக்கக் குட்டிக் கால்களை மடக்குங்கள். அவை நின்றால் மணிக்கட்டு மேல்நோக்கி வளையும். மணிக்கட்டு மெத்தை வைத்திருந்தால், அடிக்கும்போது அதில் கையை ஊன்றக் கூடாது. இடையிடையே ஓய்வுக்கு மட்டும்தான். இரவில் மணிக்கட்டை நேராக நிறுத்தும் பட்டையைப் போட்டுத் தூங்குங்கள். நான்கு முதல் ஆறு வாரம் விடாமல் போட வேண்டும். சர்க்கரை, தைராய்டு, கர்ப்பம் ஆகியவற்றிலும் இதே மரத்துப்போதல் வரும். ஆகவே இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். டம்ளர் நழுவி விழுவது, சட்டைப் பொத்தான் போட முடியாமல் போவது, கட்டைவிரல் அடிச்சதை வற்றுவது இவற்றில் ஒன்று தெரிந்தாலும் பட்டையோடு நிற்காமல் நரம்புப் பரிசோதனைக்குப் போங்கள். வற்றிய சதை முழுதாகத் திரும்புவது கடினம்.

சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்தால் கோளாறு முழங்கையில். மேசை விளிம்பில் முழங்கையை ஊன்றுகிறீர்களா, கைப்பேசியைக் காதில் வைத்து நெடுநேரம் மடக்கியே இருக்கிறீர்களா என்று பாருங்கள். விளிம்பில் துண்டு மடித்துப் போடுங்கள்.

மரப்பு இல்லை, சுண்டுவிரல் வலி மட்டும்: ஷிஃப்ட் விசை. ஆங்கில ஒலிப்பு முறையில் தமிழ் அடிக்கிறவர் ண, ள, ற ஒவ்வொன்றுக்கும் ஷிஃப்டை அழுத்துகிறார். பழைய தட்டச்சு முறையிலும் ஷிஃப்ட் அதிகம். தமிழ்99 என்ற விசைப்பலகை முறையில் உயிர் இடக்கையிலும் மெய் பெரும்பாலும் வலக்கையிலும் இருக்கின்றன. ‘க’வை இரண்டு முறை அடித்தால் புள்ளி தானே விழுந்து ‘க்க’ வரும். பழக மூன்று நான்கு வாரம் ஆகும். அதற்கு நேரமில்லையென்றால் ஷிஃப்டை ஐந்து முறை தட்டி ஸ்டிக்கி கீஸ் வசதியைத் திறந்துகொள்ளுங்கள்; ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டே அடிக்க வேண்டாம்.

கட்டைவிரல் அடியில், மணிக்கட்டோரம் வலி: கட்டைவிரலை உள்ளே வைத்து முட்டி பிடித்து, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் மெல்லச் சாய்த்துப் பாருங்கள். சுள்ளென்று வலித்தால் தசைநாண் உறை வீங்கியிருக்கிறது. பெரும்பாலும் கணினியைவிடக் கைப்பேசியில் ஒற்றைக் கட்டைவிரலால் அடிப்பதுதான் காரணம். அதை இரண்டு வாரம் நிறுத்திப் பாருங்கள். அதற்கும் குறையாவிட்டால் எலும்பு மருத்துவர்.

## இடுப்பு, கால்

முதலில் பின்பாக்கெட்டிலிருந்து பர்ஸை எடுங்கள். பிறகு, இருக்கையின் முன்விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் இடையே இரண்டு மூன்று விரல் நுழைகிறதா பாருங்கள். நுழையவில்லையென்றால் இருக்கை உங்களுக்கு ஆழம். முதுகு சாய்விடத்தைத் தொடவே தொடாது. நடுவில் ஒரு தலையணை வேண்டும். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நில்லுங்கள். சிறிய சொம்பில் தண்ணீர் வைத்தால் அது தீரும்போதெல்லாம் எழ வேண்டியிருக்கும்.

மாலையில் இரண்டு பாதமும் வீங்கினால் தொங்கும் காலைச் சரிசெய்யுங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் இரத்தக்கட்டியாக இருக்கலாம். தேய்க்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். இடுப்புவலியோடு உட்காருமிடம் மரத்துப்போவது, சிறுநீர் அடைப்பது அல்லது தானாகப் போவது ஆகியவை அவசரநிலை. மறுநாள் பார்க்கலாம் என்று விடக் கூடாது.

## சி.பி.யு.வைத் தொட்டால் சுரீரென்கிறது

வெறுங்காலோடு இருக்கும்போது மட்டும் தெரியும். செருப்புப் போட்டால் தெரியாது. செருப்புப் போட்டுக்கொள்வதை இதற்குத் தீர்வாக்கிக்கொள்ளாதீர்கள்.

காரணம் பெரும்பாலும் எர்த் இல்லாமை. மின்வழங்கிப் பெட்டிக்குள் உள்ள வடிகட்டியிலிருந்து சிறு கசிவு எப்போதும் இருக்கும். எர்த் கம்பி இருந்தால் அது மண்ணுக்குப் போகும், இல்லையென்றால் உங்கள் வழியாகப் போகும். சி.பி.யு.வின் பெயின்ட் இல்லாத திருகாணியில் டெஸ்டரை வைத்துப் பாருங்கள். எரிந்தால் இந்த வரிசையில் தேடுங்கள்:

1. மூன்று முள் பிளக்கை இரண்டு முள் அடாப்டரில் செருகியிருக்கிறீர்களா? எடுத்துவிடுங்கள்.
2. எக்ஸ்டென்ஷன் பெட்டியின் பெரிய துளை வெறும் அலங்காரமாக இருக்கலாம். மலிவான பெட்டிகளில் கம்பி இரண்டே வரும். சி.பி.யு.வை அணைத்து, நேராகச் சுவர்ப் பிளக்கில் செருகிப் பாருங்கள். சுரீர் நின்றால் பெட்டியை மாற்றுங்கள்.
3. சுவரில் செருகியும் டெஸ்டர் எரிந்தால் கட்டடத்தின் எர்த்தில் கோளாறு. கரியும் உப்பும் போட்ட பழைய எர்த் குழி கோடையில் காய்ந்திருக்கலாம். அந்தக் குழியின் குழாயில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி மறுநாள் பாருங்கள்.

மூன்றுக்கும் அடங்காவிட்டால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே அளக்கச் சொல்லுங்கள். முன்னது 230 வோல்ட் அருகிலும், பின்னது ஐந்து வோல்ட்டுக்குள்ளும் இருக்க வேண்டும். எர்த்துக்குப் பதில் நியூட்ரலையே மூன்றாம் துளையில் இணைத்துவிடுகிறேன் என்று சொல்கிற ஆளை உடனே அனுப்பிவிடுங்கள். நியூட்ரல் எங்காவது அறுந்தால் பெட்டி முழுக்க 230 வோல்ட் நிற்கும். வந்த கையோடு, மின்கசிவு வந்தால் தானே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் பொருத்தச் சொல்லுங்கள்.

மெல்லிய சுரீர் அல்லாமல் கையைத் தூக்கி எறிகிற மாதிரி அடித்தால் மேலே சொன்ன எந்தச் சோதனையும் வேண்டாம். சி.பி.யு.வையோ பிளக்கையோ தொடாமல் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.